5,106 வாக்குகள்: 1844-ல் ஹென்றி கிளே ஜெயித்திருந்தால்?

கேள்வி இது: 1844 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க் தோற்று விக் கட்சியின் ஹென்றி கிளே ஜெயித்திருந்தால், அடிமை முறையை முன்வைத்து 1861-ல் வெடித்த உள்நாட்டுப் போர் நடக்காமலே போயிருக்குமா?

1846-ல் மெக்சிகோவோடு நடந்த போர் நடந்திருக்காது. இதை அடித்தே சொல்வேன். உள்நாட்டுப் போர் விஷயத்தில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்துக்கு யார் விலை கொடுத்திருப்பார்கள் என்பதைத்தான், ‘ஐயோ, கிளே ஜெயித்திருக்கக் கூடாதா’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

முதலில் ஓட்டுக் கணக்கு. ‘அது மட்டும் நடந்திருந்தால்’ என்று ஆரம்பிக்கிற கற்பனை வரலாறுகளில் பெரும்பாலானவை நிற்காது. ஒன்றை மாற்ற ஒன்பதை மாற்ற வேண்டியிருக்கும். 1844 அப்படி இல்லை. நாடு முழுக்க சுமார் 27 லட்சம் பேர் வாக்களித்த தேர்தலில் இருவருக்கும் இடையே 39 ஆயிரம் வாக்குகள்தான் வித்தியாசம். ஆனால் அமெரிக்காவில் மொத்த வாக்கு யாரையும் அதிபராக்குவதில்லை. மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர்களின் வாக்குகள்தான் ஆக்கும். அன்றைக்கு மொத்தம் 275 தேர்வாளர்கள், ஜெயிக்க 138 வேண்டும். போல்க்குக்கு 170, கிளேவுக்கு 105. இதில் நியூயார்க் மாநிலத்துக்கு மட்டும் 36. அந்த ஒரு மாநிலத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்துங்கள்: போல்க் 134, கிளே 141. கிளே அதிபர்.

நியூயார்க்கில் போல்க் வாங்கியது 2,37,588. கிளே 2,32,482. வித்தியாசம் 5,106. அதாவது போல்க்குக்குப் போட்டவர்களில் 2,554 பேர் மனசு மாறியிருந்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம். (இதே தேர்தலில் போல்க் தன் சொந்த மாநிலமான டென்னசியில் நூற்றுச் சொச்சம் வாக்கில் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்களே கைவிட்ட மனிதர் நாட்டுக்கு அதிபரானார்.)

இந்த 5,106-க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துத்தான் 180 ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். அது 15,812. அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற ஒற்றைக் கொள்கையோடு நின்ற லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பர்னி நியூயார்க்கில் வாங்கிய வாக்குகள் அவை. அதில் மூன்றில் ஒரு பங்கு கிளேவுக்கு வந்திருந்தால் கதை முடிந்தது. ஆக, பர்னி ஓட்டைப் பிரித்தார், அதனால் கிளே தோற்றார், டெக்சாஸ் அடிமை மாநிலமாக உள்ளே வந்தது, மெக்சிகோ போர் வந்தது; அடிமை ஒழிப்புக்காரர்களே அடிமை முறைக்கு வழி திறந்துவிட்டார்கள் என்பது வாதம். இதைச் சொன்னவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். அப்போது அவர் இல்லினாய்ஸில் ஒரு வக்கீல், கிளேவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 1845 அக்டோபரில் வில்லியம்சன் டர்லி என்ற லிபர்ட்டி கட்சிக்காரருக்கு எழுதிய கடிதத்தில், நியூயார்க்கின் விக் கட்சிச் சார்புள்ள ஒழிப்புக்காரர்கள் எங்களோடு சேர்ந்து ஓட்டுப் போட்டிருந்தால் கிளே இப்போது அதிபராக இருப்பார் என்று வருத்தத்தோடு குறைபட்டுக்கொள்கிறார்.

லிங்கனே சொல்லிவிட்டார் என்பதற்காக நான் தலையாட்டத் தயாரில்லை. அன்றைக்கு எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பாருங்கள். அரசு அச்சடித்த வாக்குச்சீட்டே கிடையாது. கட்சிகளே அச்சடித்துக் கட்சி ஆட்கள் வாக்குச்சாவடி வாசலில் நின்று கையில் கொடுப்பார்கள். நியூயார்க்கில் ஒரு சீட்டு என்றால் அந்தக் கட்சியின் 36 தேர்வாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும். எந்தக் கட்சிக்காரனிடம் சீட்டு வாங்குகிறோம் என்பதை ஊரே வேடிக்கை பார்க்கும். அப்படி ஊர் பார்க்க லிபர்ட்டி சீட்டை வாங்கிப் பெட்டியில் போட்ட ஒருவர் ஏனோதானோவென்று போட்டவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனின் ஏளனத்தையும், சில இடங்களில் கல்லடியையும் தாங்கிப் போட்டவர். அவரிடம் போய், ஐம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களைத் தன் தோட்டத்தில் அடிமைகளாக வைத்திருக்கும் கென்டக்கிக்காரருக்குப் போடுங்கள், இன்னொருவர் இவரைவிட மோசம் என்றால், எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பர்னி இல்லையென்றால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பர்னியும் கென்டக்கிக்காரர்தான், அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனால் அவர் அவர்களை விடுதலை செய்துவிட்டு வந்தவர். வித்தியாசம் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும்.

பிரிந்த ஓட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் போட முடியாத ஓட்டைப் பற்றிப் பேசுவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் 1821 அரசியலமைப்பு, கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து இருந்தால்தான் வாக்கு என்று வைத்தது. வெள்ளையருக்கு அந்த மாதிரி நிபந்தனையெல்லாம் 1826-க்குள் ஒழிந்துவிட்டது. 1846-ல் இந்தப் பாகுபாட்டை நீக்கலாமா என்று மாநில மக்களிடம் கேட்டபோதும் வேண்டாம் என்றார்கள். ஜனநாயகக் கட்சியை அடிமை முதலாளிகளின் கட்சியாகவே பார்த்த அந்த மக்கள் எல்லோருக்கும் ஓட்டு இருந்திருந்தால், அதில் எவ்வளவு விக் கட்சிக்கும் எவ்வளவு பர்னிக்கும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் போல்க்குக்கு அதிகம் போயிருக்காது.

பர்னியைவிட கிளேவைக் கவிழ்த்த பெரிய ஆள் கிளேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு அமெரிக்க அரசியலில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டெக்சாஸ் 1836-ல் மெக்சிகோவிலிருந்து பிரிந்து தனிக் குடியரசாக நின்றுகொண்டிருந்தது. மெக்சிகோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தவித்தவர் அப்போதைய அதிபர் ஜான் டைலர். விக் கட்சியின் துணை அதிபராக வந்து, பதவியேற்ற ஒரே மாதத்தில் அதிபர் ஹாரிசன் இறந்ததால் 1841 ஏப்ரலில் அதிபரானவர். பிறகு கட்சியே அவரை வெளியே தள்ளிவிட்டது. கட்சியில்லாத அதிபருக்கு ஒரு பெரிய காரியம் தேவைப்பட்டது, டெக்சாஸ் கிடைத்தது. அவருடைய வெளியுறவுச் செயலர் ஏபல் அப்ஷர் காதும் காதும் வைத்த மாதிரி ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். 1844 பிப்ரவரி 28 அன்று, பிரின்ஸ்டன் என்ற புதிய போர்க்கப்பலில் பெரிய மனிதர்கள் எல்லோரும் பொடோமாக் ஆற்றில் உல்லாசப் பயணம் போனார்கள். ‘சமாதானம் செய்பவன்’ என்று பெயரிடப்பட்ட பீரங்கியை மறுபடி ஒருமுறை சுட்டுக் காட்டச் சொன்னார்கள். வெடித்தது பீரங்கியேதான். அப்ஷர், கடற்படைச் செயலர் கில்மர் உட்பட ஆறு பேர் செத்தார்கள். டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பினார். செத்தவர்களில் ஒருவரின் மகளைத்தான் நான்கு மாதம் கழித்து அவர் மணந்துகொண்டார்.

அப்ஷர் இடத்துக்கு வந்தவர் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன். இவர் சும்மா இருந்திருந்தால் டெக்சாஸ் விஷயம் நாட்டு விஸ்தரிப்பு என்ற பெயரில் ஓடியிருக்கும். ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தான கையோடு, பிரிட்டிஷ் தூதர் பாக்கென்ஹாமுக்கு ஒரு கடிதம் எழுதி, அடிமை முறையைக் காப்பாற்றத்தான் டெக்சாஸை இணைக்கிறோம், அடிமை முறை கறுப்பர்களுக்கே நல்லது என்று விளக்கம் கொடுத்தார். கடிதம் வெளியே கசிந்தது. ஜூன் 8 அன்று செனட் ஒப்பந்தத்தை 35-க்கு 16 என்று தூக்கி எறிந்தது.

அதற்குள் கிளே தன் பங்குக்கு ஆரம்பித்திருந்தார். ஏப்ரல் 17 அன்று ராலே நகரிலிருந்து எழுதிய கடிதத்தில், டெக்சாஸை இப்போது இணைத்தால் மெக்சிகோவோடு போர் வரும், வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். அது வெளியான அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் முன்னணி ஆளான வான் பியூரனும் வேண்டாம் என்று எழுதிய கடிதம் வெளியானது. இருவரும் போட்டியில் இருந்தால் டெக்சாஸ் பேச்சே வராது என்பது கணக்கு. ஆனால் பால்டிமோர் மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும் என்ற விதியைக் காட்டி, தெற்கத்தியர்கள் வான் பியூரனைக் கழற்றிவிட்டார்கள். ஒன்பதாவது சுற்றில், முதல் ஏழு சுற்றுகளில் ஒரு ஓட்டும் வாங்காத போல்க் வேட்பாளரானார். சில நாள் முன்புதான் திறக்கப்பட்ட மோர்ஸின் தந்திக் கம்பி வழியாகச் செய்தி வாஷிங்டனுக்கு வந்தது. யார் இந்த போல்க் என்று விக் கட்சிக்காரர்கள் கேலி செய்தார்கள்.

தெற்கில் டெக்சாஸ் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்த கிளேவுக்குக் கை பரபரத்தது. ஜூலையில் அலபாமா பத்திரிகைகளுக்கு இரண்டு கடிதங்கள். எனக்கு டெக்சாஸ் மேல் தனிப்பட்ட எதிர்ப்பு இல்லை, மானக்கேடு இல்லாமல், போர் இல்லாமல், எல்லோர் சம்மதத்தோடும் வந்தால் சந்தோஷமே என்றார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தெற்கில் இதனால் ஒரு மாநிலம்கூடக் கூடுதலாகக் கிடைத்ததாகத் தெரியவில்லை. வடக்கில் லிபர்ட்டி கட்சிக்காரர்களோ, பார்த்தீர்களா, அடிமைக்காரன் அடிமைக்காரன்தான் என்று அந்தக் கடிதத்தையே தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஆகவே மாற்று வரலாற்றுக்கு ஒரே ஒரு திருத்தம் செய்ய அனுமதி உண்டென்றால், பர்னியைத் தொட மாட்டேன். அந்த ஜூலை மாதத்தில் கிளேவின் மைக்கூட்டை ஒளித்து வைப்பேன்.

போல்க் தரப்பு இந்தத் தவறைச் செய்யவில்லை. நியூயார்க்கில் வான் பியூரன் ஆட்கள் கோபத்தில் இருந்தார்கள். அவர்களை சமாதானப்படுத்த அந்த அணியின் சைலஸ் ரைட்டையே ஆளுநர் வேட்பாளராக நிறுத்தினார்கள். ரைட் சுமார் பத்தாயிரம் வாக்கில் ஜெயித்து, போல்க்கையும் தோளில் தூக்கிக்கொண்டு கரை சேர்த்தார். தோற்ற விக் ஆளுநர் வேட்பாளர் மில்லர்ட் ஃபில்மோர். ஆறு வருடத்தில் அவரும் அதிபரானார் என்பது வேறு கதை. அப்புறம் ஐரிஷ் ஓட்டு. அந்த ஆண்டு பிலடெல்பியாவில் கத்தோலிக்க ஐரிஷ் குடியேறிகளுக்கும் உள்ளூர்வாதிகளுக்கும் இடையே தேவாலயங்கள் எரிகிற அளவுக்குக் கலவரம். நியூயார்க் நகரில் குடியேறிகளுக்கு எதிரான கட்சியோடு விக் ஆட்கள் கைகோத்தார்கள். போதாதற்கு கிளேவின் துணை அதிபர் வேட்பாளர் ஃப்ரீலிங்ஹைசன், புராட்டஸ்டண்ட் பிரசுர சங்கங்களின் முன்னணி மனிதர். கப்பலிலிருந்து இறங்கிய ஐரிஷ்காரன் யாருக்குப் போடுவான் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

சரி, கிளே ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1844 நவம்பர். பதவியேற்பு 1845 மார்ச் 4. நடுவில் நான்கு மாதம் டைலர்தான் அதிபர். இந்த நான்கு மாதத்தில்தான் உண்மையான வரலாறே திரும்பியது.

நிஜத்தில் டைலர், போல்க்கின் வெற்றியைக் காட்டி, மக்கள் டெக்சாஸ் வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்றார். ஒப்பந்தம் என்றால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்காது. ஆகவே இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். கீழவையில் 120-க்கு 98. செனட்டில் 27-க்கு 25. இந்த 27-ல் மூன்று பேர் தென் மாநில விக் உறுப்பினர்கள். ஜூனில் எதிர்த்து வாக்களித்த மிசௌரியின் தாமஸ் பென்டன் போன்ற ஜனநாயகக் கட்சிக்காரர்களும், தங்கள் கட்சியே ஜெயித்துவிட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆதரித்தார்கள். ஒரே ஒருவர் இடம் மாறியிருந்தால் 26-26. சமநிலையை உடைக்கத் துணை அதிபர் வேண்டும். டைலர் அதிபரானதிலிருந்து அந்த நாற்காலி காலி. தீர்மானம் விழுந்திருக்கும். தங்கள் தலைவர் கிளே நான்கு மாதத்தில் அதிபராகப் போகிறார் என்ற நிலையில் அந்த மூன்று விக் உறுப்பினர்களும் டைலருக்குக் கை தூக்கியிருப்பார்களா? தூக்கியிருந்தால் அவர்கள் அரசியலுக்கே லாயக்கில்லாதவர்கள்.

ஆகவே 1845 மார்ச்சில் டெக்சாஸ் வெளியேதான் நிற்கிறது. அங்கே என்ன நடக்கும்? இதற்கு அதிகம் கற்பனை தேவையில்லை, பாதி நிஜத்திலேயே நடந்தது. டெக்சாஸில் பிரிட்டனின் தூதர் சார்லஸ் எலியட். அபினிப் போரில் ஹாங்காங்கைப் பிரிட்டனுக்குப் பிடித்துக்கொடுத்துவிட்டு, அது போதாது என்று திட்டு வாங்கி, தண்டனை மாதிரி டெக்சாஸுக்கு அனுப்பப்பட்டவர். (இவருடைய அப்பா ஹியூ எலியட் 1814 முதல் 1820 வரை நம் சென்னை மாகாணத்தின் ஆளுநர்.) இவரும் பிரெஞ்சுத் தூதரும் சேர்ந்து, அமெரிக்காவோடு சேராமலிருந்தால் மெக்சிகோவை உங்களை அங்கீகரிக்க வைக்கிறோம் என்று டெக்சாஸ் அதிபர் ஆன்சன் ஜோன்ஸிடம் பேசினார்கள். எலியட் யாருக்கும் தெரியாமல் மெக்சிகோவுக்குப் போனார். வழியில் பார்த்தவர்கள் ‘வெள்ளைத் தொப்பிக்காரர்’ என்று பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். ஆனாலும் காரியம் முடிந்தது. 1845 மே மாதம் மெக்சிகோ, இணைப்பைக் கைவிட்டால் அங்கீகாரம் என்று ஒப்புக்கொண்டது. நிஜத்தில் ஜோன்ஸ் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன: அங்கீகாரம், இணைப்பு. டெக்சாஸ்காரர்கள் ஜூலை 4 அன்று இணைப்பை எடுத்துக்கொண்டார்கள். கிளே உலகத்தில் இரண்டாவது தாள் இல்லை. கடனில் மூழ்கிக் கிடந்த அந்தக் குடியரசு முதல் தாளை எடுத்திருக்கும், முணுமுணுத்துக்கொண்டே.

மெக்சிகோ போர் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அந்தப் போர் தானாக வந்ததில்லை. நுவேசஸ் ஆறு எல்லையா, ரியோ கிராண்டே எல்லையா என்ற தகராறில், 1846 தொடக்கத்தில் போல்க் தளபதி டெய்லரை ரியோ கிராண்டே வரை போகச் சொன்னார். ஏப்ரலில் மோதல் வந்தது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்திவிட்டது என்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் போனார். கலிபோர்னியாவை அடைய வேண்டும் என்று போல்க் பதவியேற்கும்போதே முடிவு செய்திருந்தார். கிளே அந்த ரகம் இல்லை. 1814-ல் கென்ட் நகரில் பிரிட்டனோடு சமாதானம் பேசப் போன குழுவில் கிளேவும் ஜான் குவின்சி ஆடம்ஸும் இருந்தார்கள். ஆடம்ஸ் விடிகாலையில் எழுந்து வேலையைத் தொடங்கும் நேரத்தில், பக்கத்து அறையில் கிளேவின் சீட்டாட்டம் அப்போதுதான் கலையும். இதை ஆடம்ஸே முகம் சுளித்து எழுதி வைத்திருக்கிறார். கிளே ராஜதந்திரத்தையும் சீட்டாட்டம் போலத்தான் ஆடினார்: பேரம் பேசுவார், மிரட்டுவார், மேசையைக் கவிழ்க்க மாட்டார்.

ஒரு விஷயம் மனதைப் பிசையும். கிளே எதிர்த்த அந்தப் போரில், 1847 பிப்ரவரி 23 அன்று பூவேனா விஸ்டாவில், அவருடைய மகன் ஹென்றி கிளே ஜூனியர் செத்துப்போனார்.

பிரிட்டனோடு இருந்த ஆரிகன் எல்லைத் தகராறு 49-ஆவது அட்சரேகையில்தான் முடிந்திருக்கும், போல்க் முடித்த மாதிரியே. வெளியுறவுச் செயலராக இருந்தபோதே கிளே அதைத்தான் பேசினார். பொருளாதாரத்தில் அவர் கனவு கண்ட தேசிய வங்கி, உயர்ந்த இறக்குமதி வரி, மத்திய அரசுச் செலவில் சாலைகளும் கால்வாய்களும் எல்லாம் வந்திருக்குமா என்றால், கஷ்டம். அந்தத் தேர்தலில் கீழவை பெரிய பெரும்பான்மையோடு ஜனநாயகக் கட்சியிடம் போயிற்று. நியூயார்க்கில் ஐயாயிரம் ஓட்டு மாறியதால் அது மாறாது. 1846-ல் வந்த வரிக் குறைப்பைத் தன் அதிகாரத்தால் தடுத்திருப்பார், அவ்வளவே.

கலிபோர்னியாதான் இந்த மாற்று உலகத்தில் எனக்குப் பிடித்த புதிர். 1848 ஜனவரி 24 அன்று சட்டரின் மர ஆலைக் கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைப் பார்த்தார். ஒன்பது நாள் கழித்து மெக்சிகோ அந்த நிலத்தை அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்தது, தங்கம் இருப்பது தெரியாமலே. போர் இல்லாத உலகில் அந்த மண் மெக்சிகோவுடையது. ஆனால் சட்டர் அங்கே 1839-லேயே வந்து குடியேறியவர். அமெரிக்கக் குடியேறிகளும் வண்டி கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். தங்கம் அதே ஆண்டோ ஐந்தாறு ஆண்டு தள்ளியோ கண்ணில் பட்டே தீரும். பட்டால் உலகமே ஓடி வரும். மெக்சிகோ சிட்டியால் அவ்வளவு தூரத்தில் அந்தக் கூட்டத்தை ஆள முடியாது. ஆகவே இன்னொரு டெக்சாஸ்: கலிபோர்னியாக் குடியரசு, ஆனால் அடிமைகள் இல்லாத சுரங்கக்காரர்களின் குடியரசு. 1850-களில் இந்த இரண்டு குடியரசுகளும் அமெரிக்காவின் வாசலில் நின்று கதவைத் தட்டுகின்றன, ஒன்று அடிமை முறையோடு, ஒன்று இல்லாமல். 1850-ல் நிஜமாக நடந்த சண்டை இதுதானே? கொஞ்சம் தாமதமாக, வேறு வாசல் வழியாக வருகிறது.

உள்நாட்டுப் போர் தவிர்ந்திருக்கும் என்பவர்களின் வாதம் லேசானதில்லை. மெக்சிகோவிடமிருந்து புது நிலம் வந்ததால்தான் அதில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற கேள்வி வந்தது. 1846 ஆகஸ்டில் வில்மாட் என்ற கீழவை உறுப்பினர், அந்த நிலத்தில் அடிமை முறை கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். கட்சி பார்க்காமல் வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம் என்று காங்கிரஸ் பிளந்தது. 1850 சமரசம், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் கொடுஞ்சட்டம், 1854-ல் கான்சாஸில் அடிமை முறை உண்டா என்ற சண்டை, விக் கட்சியின் மறைவு, குடியரசுக் கட்சியின் பிறப்பு, லிங்கன் எல்லாம் அந்தச் சங்கிலியில் வருகின்றன. முதல் கண்ணி இல்லையென்றால்?

ஆனால் பிளவு நிலத்தில் மட்டும் இருக்கவில்லை. 1844 மே, ஜூனில், போல்க் யாரென்றே நாட்டுக்குச் சரியாகத் தெரியாத நேரத்தில், நியூயார்க்கில் கூடிய மெதடிஸ்ட் திருச்சபை மாநாடு உடைந்தது. ஜார்ஜியாவின் பிஷப் ஜேம்ஸ் ஆண்ட்ரூவுக்குத் திருமணம் வழியாக அடிமைகள் வந்திருந்தார்கள், பிஷப்பாக நீடிக்கலாமா என்பதுதான் சண்டை. ஒரே வேதம் படித்து ஒரே பாட்டுப் பாடியவர்கள் வடக்கு மெதடிஸ்ட், தெற்கு மெதடிஸ்ட் என்று பிரிந்தார்கள். அடுத்த ஆண்டு பாப்டிஸ்டுகள். அடிமை ஒழிப்பு மனுக்களைக் காங்கிரஸில் படிக்கவே கூடாது என்ற விதியை, எட்டு வருடம் மல்லுக்கட்டி, 1844 டிசம்பரில் கிழவர் ஆடம்ஸ் ஒழித்தார். அதற்கும் போல்க்குக்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் ஓஹியோ ஆற்றைக் கடந்து ஓடி வந்துகொண்டே இருந்தார், அதிபர் யாராக இருந்தாலும். விக் கட்சியும் பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்கு அழுகியது. லட்சக்கணக்கில் ஐரிஷ்காரர்கள் வந்து இறங்கினார்கள். அந்த வெறுப்பு அரசியலே அந்தக் கட்சியைப் பாதி தின்றிருக்கும்.

ஆகவே என் மதிப்பீடு: பத்துப் பதினைந்து ஆண்டு தள்ளிப்போயிருக்கும். மெக்சிகோ போர் இல்லாததால் தளபதி டெய்லர் பின்னால் அதிபராகியிருக்க மாட்டார். பிறகு உள்நாட்டுப் போரில் எதிரெதிர்த் தளபதிகளான கிராண்ட், லீ போன்ற அதிகாரிகள் அங்கே களம் பார்த்திருக்க மாட்டார்கள். லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டில் நல்ல வக்கீலாகவே வயதாகியிருக்கலாம். வேறு ஆட்கள், வேறு ஊர்கள், அதே வழக்கு.

தாமதம் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். 1840 மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் அடிமைகள் சுமார் 24.9 லட்சம். 1850-ல் 32 லட்சம். 1860-ல் 39.5 லட்சம். கிளே இந்த வழக்கத்தைத் தீமை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். விடுதலையானவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் குடியேற்றச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1849-ல் கென்டக்கி புது அரசியலமைப்பு எழுதியபோது, படிப்படியாக விடுதலை கொடுக்கலாம் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். சொந்த மாநிலத்திலேயே எடுபடவில்லை. அந்தப் ‘படிப்படியாக’ என்பதன் வேகம் என்ன என்று அவருடைய உயிலே காட்டுகிறது. 1852-ல் அவர் இறந்தபோது அதில் இருந்த ஏற்பாடு: 1850 ஜனவரி 1-க்குப் பிறகு தன் அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகள், ஆணானால் 28 வயதிலும் பெண்ணானால் 25 வயதிலும் விடுதலை, பிறகு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும். லெக்சிங்டனில் அவருடைய ஆஷ்லேண்ட் தோட்டத்தில் 1850-ல் ஒரு பையன் பிறந்திருந்தால், கிளேவின் கணக்கில் அவன் 1878-ல் விடுதலையாகிக் கப்பல் ஏறுவான். கிளே தோற்று, போல்க் வந்து, போர் வந்து, எல்லாம் கெட்டுப்போன நிஜ உலகில், அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தம் நிறைவேறிய 1865 டிசம்பரில் அவனுக்கு வயது 15. அவன் அம்மாவுக்கு அந்த உயிலில் தேதியே கிடையாது.